வேம்புவின் கைக்கு எத்தனை கொட்டை

ஒரத்தநாட்டுப் பக்கம் போய் வேம்பு நர்ஸம்மா எங்கே என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். கத்தச் சொல்ற நர்ஸம்மா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையை நீட்டி வழி காட்டும். ஊசியைக் கையில் எடுத்ததும், "வலிச்சா வாயைத் தொறந்து சொல்லணும். சொல்ல மாட்டேன்னா எந்திரிச்சுப் போயிடு" என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் அவள் பஞ்சைத் தொடுவாள். அந்தக் கறாருக்குப் பின்னால் ஒரு துண்டு இருக்கிறது. அப்பாவின் தோளில் கிடந்த சாயம் போன சிவப்புத் துண்டு.

சுவருக்குச் சுவர் உதயசூரியன் எழுதியிருந்த காலம் அது. வரப்புக்கு வரப்பு செங்கொடியும் நட்டிருந்தது. கூலி நெல் பத்தவில்லை என்று ஒரு பக்கம் அரிவாளைக் கீழே வைப்பார்கள். வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுப்பேன் என்று இன்னொரு பக்கம் லாரியை வரவழைப்பார்கள். குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்து, நன்னிலத்துப் பக்கத்துத் தெருக்களில் குடிசைக்கு முன்னால் முதல்முறையாகச் சொந்த மண்ணில் பூசணிக்கொடி ஏறிய காலமும் அதுதான்.

அப்படி ஒரு தெருவில் மருதையனின் இளைய மகளாகப் பிறந்தவள் வேம்பு. தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அக்கா காத்தாயிதான் தாய். தங்கை படிக்க வேண்டும் என்று தான் சிலேட்டை வைத்துவிட்டு நாற்றங்காலில் இறங்கியவள். விடுமுறை நாளெல்லாம் வேம்புவும் அக்காவோடு நடவுக்குப் போவாள். சேற்றில் விரல் பட்டதும் எழும். எழுந்ததும் அடுத்த நாற்று. "உன் கையி பறக்குதுடி" என்று தெருவே சொல்லும். பள்ளி இறுதி வகுப்பு முடித்து, தஞ்சாவூரில் கிராமச் செவிலியர் பயிற்சிக்கு அவள் போன அன்று, அந்தத் தெருவிலிருந்து வெள்ளைப் புடவை கட்டப்போகிற முதல் பெண் என்று பஸ் நிறுத்தம் வரை கூட்டம் வந்தது.

பயிற்சியின் கடைசிப் பருவத்தில் ஊரிலிருந்து சேதி வந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் வெறும் வயிற்றோடு கோயில் கோயிலாகச் சுற்றிய காத்தாயி உண்டாகியிருந்தாள். பார்க்கப் போன தங்கையின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"எம்புள்ளைய இந்தக் கையிதான் வாங்கணும். வேற ஒருத்தியும் என்னைத் தொடப்படாது."

"நம்ம ஊருக்குப் புதுசா நர்ஸ் வேலை போட்டிருக்காங்கக்கா. அந்த இடத்துக்கு நான்தான் வருவேன். பாத்துக்கிட்டே இரு" என்றாள் வேம்பு.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கனவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதி ஜன்னலில் தலை சாய்த்தால் போதும், வடவாற்றுக் காற்று கண்ணை மூடிவிடும். கண்ணெட்டும் தூரம் தண்ணீர் கட்டிய வயல்; வானமும் அதற்குள் இறங்கிக் கிடக்கும். நடுவரப்பில் ஒரு வெள்ளை. முதலில் கொக்கு என்று தோன்றும். கிட்டே வர வர அது புடவை கட்டிய பெண்ணாகும்; கையில் தோல் பையோடு தானே நடந்து வருவதைத் தானே பார்ப்பாள். தூரத்துக் குடிசையிலிருந்து ஒரு குழந்தையின் முதல் அழுகை தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாகப் பரவி வரும். கண்ணை விழித்தால் கன்னம் நனைந்திருக்கும்.

அந்தக் கனவுக்கும் அவளுக்கும் நடுவில் தங்கம்மாள் சிஸ்டர் நின்றாள். சிஸ்டரின் புளியங்கொட்டை நின்றது.

தங்கம்மாள் சிஸ்டர் பயிற்சி கொடுக்கிறவள். நரைத்த தலை, அதிகம் பேசாத வாய். ஊசி போட்டாலும் கட்டுப் போட்டாலும், முடிந்த கையோடு பயிற்சிப் பெண் ஒரு பீங்கான் குவளையைக் கவிழ்க்க வேண்டும். தன் வேலைக்குத் தானே மதிப்புப் போட்டு, பத்துக்கு எத்தனையோ அத்தனை புளியங்கொட்டையைக் குவளைக்கு அடியில் வைக்க வேண்டும். சிஸ்டர் தன் கணக்கை இன்னொரு குவளைக்கு அடியில் வைப்பாள். பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்குவார்கள்.

"கையி தப்புப் பண்ணும். பண்ணித்தான் பழகும்" என்பாள் சிஸ்டர். "ஆனா தன் கையைப் பத்தி ஒருத்திக்கே தெரியலைன்னா, பக்கத்துல கேக்க ஆள் இல்லாத ஊர்ல அவளை எப்படித் தனியா விடுறது? கொறச்சு நினைக்கிறவ பயந்து பயந்து பாப்பா, போகட்டும். கூட நினைக்கிறவளைத்தான் எனக்குப் பயமா இருக்கு."

கூட நினைக்கிறவள் வேம்பு. அவள் குவளைக்கு அடியில் எப்போதும் ஒன்பது இருக்கும். சிஸ்டரின் குவளையில் நாலைத் தாண்டாது.

குறைத்து நினைக்கிறவள் பக்கத்துக் கட்டில்காரி பிரகதாம்பாள். மயிலாடுதுறைப் பக்கத்தில் நிலம் நீச்சோடு இருக்கிற குடும்பம். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு படிக்க வந்தவள். ஊசியைத் தூக்கினால் அவள் விரல் மூங்கில் இலைபோல் நடுங்கும். ரெண்டு கொட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சிஸ்டர் எட்டு வைத்திருப்பாள்.

"நீ எனக்கு நாலு கடன் குடேன், ரெண்டு பேரும் பொழைச்சுக்கலாம்" என்பாள் வேம்பு.

"சிரிக்காதடி. எனக்கு ராத்திரியெல்லாம் கண்ணுக்குள்ள ஊசிதான் தெரியுது. உன்னை மாதிரிப் பட்டுன்னு போட எனக்கு எப்ப வரும்?"

"பட்டுன்னு போடுறவளுக்குத்தான் நாலு. தட்டுத் தடுமாறினா எட்டு. ஏன்னு உனக்குத் தெரியாதா?"

பிரகதாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.  வேம்புவின் மனசுக்குள் அந்தப் பதில் முள்ளாகக் கிடந்தது: நான் எந்தத் தெரு, அவள் எந்தத் தெரு. வேறென்ன காரணம் இருக்க முடியும்? வேம்பு கட்டு மாற்றினால் கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடியும். நோயாளி வாய் திறப்பதில்லை. வயல்காட்டிலிருந்து வருகிற ஜனம் ஒருவர்கூட அவள் கையில் 'ஆ' என்றதில்லை. பங்களா வீட்டு அம்மாமார் இரண்டு பேர் அலறியிருக்கிறார்கள். அவர்களுக்கு எறும்பு கடித்தாலும் அலறத்தான் தெரியும் என்று வேம்பு ஒதுக்கிவிட்டாள்.

இப்படியிருக்கும்போது ஒரு நாள் காலை, வெளிநோயாளிகள் வரிசையில் தோளைத் துண்டால் மூடிக்கொண்டு மருதையன் நின்றிருந்தார்.

அறுப்பு வயலில் தகராறு. லாரியில் வந்த ஆட்களுக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் நடுவில் போய் நின்று, "பேசித் தீத்துக்கலாம், கதிர்ல கை வைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் தோளில் எங்கிருந்தோ ஒரு கம்பு இறங்கியது. பச்சிலை வைத்துக் கட்டியதில் புண் உள்ளே பழுத்துவிட்டது.

"ஏம்பா, நன்னிலத்துலயே காட்டக்கூடாதா? இவ்வளவு தூரம் ஜொரத்தோட..."

"எம்மவ இருக்கிற ஆஸ்பத்திரி இருக்க, நான் ஏன் தாயி இன்னொரு எடத்துல காட்டணும்?" வரிசையில் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். "இவ கையி லேசு. நடவுல பாத்திருக்கணும் நீங்க."

டாக்டர் கீறிவிட்ட புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டும். மகளே செய்யட்டும் என்று மருதையன் ஒற்றைக் காலில் நின்றார். வேம்புவுக்குத் தரையில் கால் பாவவில்லை. கொதிக்கிற இடுக்கியின் ஆவி முகத்தில் அடிக்க, வெள்ளைப் புடவையில் அப்பாவின் பின்னால் நின்றபோது, கனவுக்குள்ளேயே வேலை செய்கிற மாதிரி இருந்தது. ஒட்டிய துணியை ஒரே இழுப்பில் எடுத்தாள். மருந்துத் துணியைக் குழிக்குள் திணித்தாள். புதுக் கட்டு. முடிந்தது.

"வலிக்குதாப்பா?"

மருதையன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டை மெல்ல இறக்கினார். "இல்ல தாயி. கொசு ஒக்காந்து எந்திரிச்சாப்ல இருந்துச்சு."

மூன்றாம் நாளும் அப்பா அதையே சொன்னதும், குவளைக்கு அடியில் பத்தையும் வைத்தாள். சிஸ்டரின் குவளையைத் தூக்கினால் மூன்று.

அத்தனை நாளும் அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது. "எங்கப்பாவையே கேளுங்க சிஸ்டர். வலி வாங்குனவரு அவருதானே? ஒருவேளை எங்க தெரு ஆளு சொல்றது சொல்லுல சேத்தி இல்லியா?"

 சிஸ்டருக்குக் கோபம் வரவில்லை. மருதையன் அருகில் போய் நின்றாள்.

"உங்க மக கையி எப்படிங்க?"

"பூவுங்கம்மா" என்றார் மருதையன்.

சிஸ்டர் அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி. நாளைக்குப் பிரகதாம்பாள் கட்டட்டும். வேம்பு, நீ கிட்ட நின்னு பாரு. அவ கையைப் பாக்காத. உங்கப்பாவைப் பாரு."

மறுநாள் பிரகதாம்பாள் நடுங்கிக்கொண்டே வந்தாள். "நான் கொஞ்சம் மெதுவாத்தான் எடுப்பேன் பெரியப்பா. கோவிச்சுக்காதீங்க" என்றாள். மிராசு வீட்டுப் பெண் வாயிலிருந்து பெரியப்பா என்று வந்ததில் மருதையன் திகைத்துப் போனார். அவள் உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் துணியில் விட்டாள். விட்டுவிட்டுச் சும்மா நின்றாள். நடவில் இப்படி நின்றால் வரப்பிலிருந்து ஏச்சு வரும் என்று வேம்புவுக்கு எரிச்சலாக இருந்தது.

"உங்க ஊர்ல இப்ப என்ன நெல்லு பெரியப்பா போடுறாங்க?" சும்மா நிற்கிற கூச்சத்தில் கேட்டாள் பிரகதாம்பாள்.

"அதை ஏம்மா கேக்குறே. புதுசா ஒரு குட்டை நெல்லு வந்துருக்கு. வெளையிது, இல்லேங்கல. ஆனா சோறு வாயில நிக்க மாட்டேங்குது. வைக்கோலும் இம்மாத்தூண்டு. மாடு என்னைப் பாத்து மொறைக்கிது..."

அவர் மாட்டைப் போல முறைத்துக் காட்டினார். பிரகதாம்பாள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் துணி நழுவித் தட்டில் விழுந்தது. மருதையனுக்கு அது விழுந்ததே தெரியவில்லை. வைக்கோல் கதையிலிருந்து வாய்க்கால் தூர் வாராத கதைக்குப் போய்விட்டிருந்தார்.

துண்டு அவர் மடியில் கிடந்தது.

வேம்பு அந்தத் துண்டையே பார்த்தாள். அப்பா பேசுகிறார். தான் கட்டு மாற்றிய அத்தனை நாளிலும் அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. துண்டு மடியில் இருந்ததில்லை. வாயில் இருந்தது.

கட்டு முடிந்ததும், துவைத்துத் தருகிறேன் என்று துண்டை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தண்ணீரில் நனைத்து வெயிலுக்குப் பிடித்தாள். முனையில் பல் பதிந்து நூல் அறுந்து, சல்லடைக் கண்ணாக வெளிச்சம் வந்தது. ஒரு ஓரத்தில் காய்ந்த ரத்தம். தோளிலிருந்து வழிந்ததல்ல. உதட்டிலிருந்து வந்தது.

கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேப்பமரத்து நிழல் தண்ணீரில் ஆடியது. அந்த நிழலுக்குள் முகம் முகமாக வந்தன. கட்டில் கம்பியை இறுகப் பிடித்த கைகள். கூரையைப் பார்த்து அசையாமல் கிடந்த கண்கள். நடவுப்பெண்கள், களத்துமேட்டுக் கிழவர்கள், முந்தானையை வாயில் சுருட்டிக்கொண்ட பிள்ளைத்தாய்ச்சிகள். வெள்ளைப் புடவைக்கு முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாத தன் ஜனங்கள். அவர்களின் மௌனத்தையெல்லாம் அள்ளி அள்ளித் தன் குவளைக்கு அடியில் அவள் வைத்துக்கொண்டிருந்தாள். தன் தெருவுக்கும் வலிக்கும் என்பது, அந்தத் தெருவில் பிறந்த தனக்கே மறந்து போயிருந்தது.

தேடிக்கொண்டு மருதையன் வந்தார். ஈரத் துண்டை மகள் நீட்டிய விதத்திலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"பழைய துண்டு தாயி. நூலு நைஞ்சு போச்சு."

"பொய் சொல்லாதப்பா." துண்டின் கிழிந்த முனையை விரித்துக் காட்டினாள். "பத்து ஊரு பண்ணைக்கு எதுத்தாப்ல நின்னு, பத்தலை, இது நாயமில்லைன்னு பேசுற வாயி. எங்கிட்ட ஒரு வார்த்தை, வலிக்குதுன்னு சொன்னா என்ன?"

மருதையன் நல்ல கையால் மகளின் தலையைத் தொட்டார்.

"அவங்ககிட்ட பத்தலைன்னு சொல்லலாம் தாயி. நீ என் வவுத்துல பொறந்த மவ, வெள்ளைச் சீலை கட்டிக்கிட்டு எம்முன்னாடி நிக்கிறே. உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன் நான்?"

வேம்பு அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கிணற்றடியில் தண்ணீர் மொள்ள வந்தவர்கள் குடத்தோடு திரும்பிப் போனார்கள்.

பயிற்சி முடிகிற நாளில் கடைசிச் சோதனை. ஊருக்குத் தனியாகப் போகிறவர்களைச் சிஸ்டர் அன்றுதான் சொல்வாள். வேம்புவுக்குக் கிடைத்தவள் களைபறிப்பில் கால் கிழித்துக்கொண்ட ஒரு பெண். உப்புத் தண்ணீரை விட்டுவிட்டுக் காத்திருந்தாள். "வலிச்சா சொல்லுங்கக்கா" என்றாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய கால் கட்டைவிரல் மடங்கியதை வேம்பு இப்போது பார்த்தாள். கையை நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். அவசரம் பழகிய விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. பாதியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டன.

குவளையைக் கையில் எடுத்தபோது, வடவாற்றுக் காற்றில் அந்தக் கொக்கு வரப்பில் வந்து நின்றது. அக்காவின் வயிற்றுச் சூடு உள்ளங்கையில் ஏறியது. ஆறு வைக்கலாம். ஆறு வைத்தால் ஒருவேளை சிஸ்டரின் மனசு இளகலாம். ஊர் கிடைக்கலாம்.

மூன்று கொட்டையை வைத்துக் குவளையைக் கவிழ்த்தாள்.

சிஸ்டரும் தூக்கினாள். மூன்று.

இத்தனை மாதத்தில் முதல்முறையாக இரண்டு குவளையிலும் ஒரே கணக்கு இருந்தது.  சிஸ்டர் வேம்புவின் தோளில் கை வைத்தாள்.

"உன் கையி உனக்குத் தெரிஞ்சிருச்சு. இனிமே அது வந்துரும். ஆனா இன்னும் வரலை, பாத்தியா. இன்னொரு பருவம் வார்டுல இரு. உங்க ஊருக்கு நான் பிரகதாம்பாளை அனுப்புறேன்."

பிரகதாம்பாள்தான் ஓவென்று அழுதாள். "நான் மாட்டேன் சிஸ்டர். அது அவ அக்கா. எனக்கு ரெண்டு கொட்டைகூடத் தேறாது."

"உனக்கு ஒன்பது போட்டிருக்கேன். நீ நம்பாட்டி போ. நடுங்கிக்கிட்டே போய்ப் பாரு" என்றாள் சிஸ்டர்.

ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த வாரம் காத்தாயிக்கு வலி கண்டது. சேதி கிடைத்து, வார்டில் விடுப்புச் சொல்லிவிட்டு, பஸ் மாறி வேம்பு ஊர் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். வானம் முழுக்க அதற்குள் கிடந்தது. வரப்பில் ஓடி வருகிறவளைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குக் கொக்கு மாதிரித்தான் இருந்திருக்கும். கையில் தோல் பை மட்டும் இல்லை.

குடிசை வாசலில் தெருவே உட்கார்ந்திருந்தது. காத்தாயியின் மாமியார் அம்சம் வெற்றிலையை மென்றபடி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "காலையிலேந்து இடுப்பு நோவு. இந்நேரம் வரைக்கும் வெளியில ஒரு சத்தம் கேட்டுச்சா? அவதான் பொம்பளை."

உள்ளே பிரகதாம்பாள் வியர்த்து நனைந்திருந்தாள். "வேம்பு, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்கடி. எங்க வலிக்குது, எப்ப வலிக்குது, ஒண்ணும் தெரியலை. நான் எப்படிப் பாக்குறது?"

காத்தாயி முந்தானையைச் சுருட்டிக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தங்கையைப் பார்த்ததும் கண் மட்டும் நிறைந்து வழிந்தது. நர்ஸாக நீ வரவில்லையே என்றது அந்தக் கண். வேம்பு அவள் தலைமாட்டில் மண்டியிட்டாள். பல்லுக்கு நடுவிலிருந்து முந்தானையை மெல்ல உருவினாள்.

"என் கையி உன் புள்ளைய வாங்காதுக்கா. அதுக்கு இன்னும் வரலை. இந்தா, இவ கையி வாங்கும். இது நல்ல கையி, நான் அப்பா தோள்ல பாத்தேன். ஆனா இதுக்கு வழி தெரியணும்னா நீ கத்தணும்."

"வெளியில... மாமியா..."

"இருக்கட்டும். இது உன் மனை. உன் வூடு. கத்துக்கா."

அடுத்த வலி வந்தது. காத்தாயி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து அடக்கி வைத்த எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கத்துக் கத்தினாள். வாசலில் வெற்றிலை மெல்லுவது நின்றது. நாற்றங்காலில் இருந்த கொக்குகளெல்லாம் ஒன்றாக எழுந்தன. "ஆங், இப்ப தெரியுது. இன்னொரு தரம் அக்கா" என்றாள் பிரகதாம்பாள். அவள் விரல்கள் நடுக்கத்தை மறந்திருந்தன.

விளக்கேற்றுகிற நேரத்தில் இன்னொரு கத்தல் கேட்டது. அது சின்னதாக, புத்தம் புதிதாக இருந்தது.

வாசலில் மருதையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்சம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் தாழ்ந்த குரலில், "நானும் கத்தியிருக்கலாம் போல, ஆறு தடவை" என்றாள்.

உள்ளே கை கழுவியபடி பிரகதாம்பாள் கேட்டாள். "எனக்கு எத்தனை கொட்டைடி போட்டுக்கலாம்? மூணு?"

"என்னைக் கேக்காத. உன்னையும் கேட்டுக்காத." வேம்பு அக்காவின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "வலி வாங்குனவ இங்க கெடக்குறா, அவளைக் கேளு. இப்ப அவளுக்குச் சொல்லத் தெரியும்."

பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு கிடந்த காத்தாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உலர்ந்த உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"வலிச்சிச்சுடி" என்றாள். "ரொம்ப வலிச்சிச்சு. ஆனா அந்தப் பொண்ணு கையினால இல்லை."